கடற்பஞ்சு தந்த மருந்து

ஜப்பானியக் கடலில் வாழும் ஒருவகைக் கடற்பஞ்சிலிருந்து 1986ஆம் ஆண்டு ஹிராட்டா, உவெமுரா ஆகிய விஞ்ஞானிகள் ஹலிகொண்ட்ரின் பி என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். புற்றுநோய்க் கலங்கள் பெருகுவதை அது மிகச் சிறிய அளவிலேயே தடுத்தது. ஆனால் 600 கிலோ பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராம் மாத்திரமே. ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை. அதை நம்பி மருந்து செய்வதென்றால் கடலையே வழித்தெடுக்க வேண்டியிருக்கும்!

இங்கேதான் ஹாவர்ட் பல்கலைக்கழக இரசாயனவியல் பேராசிரியர் யொஷித்தோ கிஷி வருகிறார். பேத்தை மீனின் நஞ்சை 1972இலேயே ஆய்வுகூடத்தில் உருவாக்கிக் காட்டியவர் அவர். 1992இல் அவரது குழு ஹலிகொண்ட்ரின் பியை முழுமையாக உருவாக்கியது.

இது ஏன் கடினம்? வலக்கைக் கையுறை இடக்கைக்குச் சேராதல்லவா? மூலக்கூறுகளிலும் அப்படியான வலம், இடம் உண்டு. ஓரிடத்தில் மாறினாலும் அது வேறு பொருளாகிவிடும். சட்டை தைப்பவர் கை, கழுத்து, முதுகு எனத் தனித்தனியே வெட்டித் தைத்துப் பின்னர் பொருத்துவதைப்போல, கிஷியும் துண்டுகளாகச் செய்து இணைத்தார். ஒரு துண்டு பழுதானால் அதை மட்டும் திரும்பச் செய்தால் போதும். இணைப்பதற்கு நிக்கலும் குரோமியமும் உதவின. அந்தத் தாக்கத்தின் பெயரில் இன்றும் கிஷியின் பெயர் சேர்ந்திருக்கிறது.

பின்னர் ஒரு நல்ல செய்தி தெரியவந்தது. நோயை எதிர்க்கும் ஆற்றல் அந்தப் பெரிய மூலக்கூறின் ஒரு பாதியிலேயே இருந்தது. அதைத் தழுவி எய்சாய் நிறுவனம் தயாரித்த எரிபுலின், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாக 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாதி என்றாலும் அதிலும் வலம், இடம் பார்க்கவேண்டிய இடங்கள் 19 உள்ளன.

பல சிகிச்சைகளுக்குப் பின்னரும் நோய் மீண்ட 762 பெண்களிடம் இது ஆராயப்பட்டது. எரிபுலின் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 13.1 மாதங்கள், வேறு சிகிச்சை பெற்றவர்களுக்கு 10.6 மாதங்கள். இரண்டரை மாதம்தானா என்று கேட்கத் தோன்றும். பிள்ளையின் பரீட்சை முடியும்வரையாவது இருக்கவேண்டும் என்று எண்ணும் தாயிடம் அப்படிக் கேட்க எனக்கு மனம் வராது. ஆயினும் இது நோயை முற்றாக மாற்றும் மருந்தல்ல. வெண்குருதிக் கலங்கள் குறைதல், கைகால் விறைப்பு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. இவற்றை நோயாளியிடம் மறைக்கக்கூடாது.

2019இல் கிஷியும் எய்சாய் நிறுவனத்தினரும் ஹலிகொண்ட்ரின் வகைப் புதிய பொருளொன்றை முழு வடிவில் 11.5 கிராம் தயாரித்தனர். கிஷி 2023 ஜனவரியில் 85 வயதில் காலமானார்.