பாதம் எரியுதா? மாத்திரையை நிறுத்தாதீங்க!



"காலு மதமதன்னு இருக்கு, ராத்திரியில திகுதிகுன்னு எரியுது." எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. பாசி எடுக்கப் போனதால், சுடுமணலில் கருவாடு காயப்போட்டதால் வந்தது என்று நாம் விட்டுவிடுகிறோம். அது நரம்பு பாதிப்பாகவும் இருக்கலாம்.

நரம்பு ஏன் கெடுகிறது?

எச்.ஐ.வி. கிருமியே நரம்பைக் கெடுக்கும். சில மருந்துகளும் கெடுக்கும். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, அதில் ஸ்டாவுடின் என்ற மருந்தும் இருந்தது. அது பலருக்குக் கால் நரம்பைப் பாதித்தது. அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்னது. இப்போது நம் நாட்டு அரசுத் திட்டத்தில் அது இல்லை. ஆகவே, "மாத்திரைதான் காலைக் கெடுக்குது" என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கிருமி பெருகும்.

காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட் மாத்திரையும் நரம்பைப் பாதிக்கலாம். அதற்காகத்தான் கூடவே பி6 வைட்டமின் தருகிறார்கள். அதைத் தவறாமல் சாப்பிடுங்கள்.

ரத்தம் என்ன சொல்லும்?

வலை இற்றுப்போனால் நூல் துணுக்குகள் தண்ணீரில் மிதக்கும் அல்லவா? அதுபோல நரம்பிழை சிதைந்தால் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். கூட்டு மருந்து தொடங்கியபின் அது குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எச்.ஐ.வி.க்கு வழக்கமாகச் செய்யும் சோதனை அல்ல இது. இதற்காகத் தனியார் லேப்களில் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நமக்கு உதவுபவை ரத்தச் சர்க்கரை, பி12 வைட்டமின், சி.டி.4, கிருமி அளவுச் சோதனைகள். சர்க்கரையோ பி12 குறைவோ காரணம் என்றால் மருத்துவம் உண்டு. ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கப் போகும்போதே கால் எரிச்சலைச் சொல்லுங்கள்.

மரத்த காலுக்குப் பவளப்பாறை கீறினாலும் தெரியாது. செருப்பில்லாமல் இறங்காதீர்கள். தினமும் இரவு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

குழுவில் யாருக்கு இந்த நோய் என்று யாரும் கேட்க வேண்டாம். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம். வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் மருந்தை விடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் 1097-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

அடுத்த கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தேவைப்படுகிறவர் காதிலும் அது விழும்.