காற்றுக்கு ஒரு கணக்கு



நாகர்கோவிலிலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் ரயில், திருவனந்தபுரத்தைக் கடந்த சிறிது நேரத்திற்கெல்லாம் கழக்கூட்டத்தை அடைகிறது. வேலையின் பொருட்டு அவ்வழியே போய்வரும் நம்மவர் பலர். அங்கிருந்து மேற்கே சிறிது தூரத்தில் கடல். அக்கரையிலுள்ள தும்பாவிலிருந்துதான் 1963 நவம்பர் 21-ஆம் நாள் நைக்-அப்பாச்சி என்னும் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்தது. இப்போது அவ்விடத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இயங்கி வருகிறது. ராக்கெட்டைச் செய்வதற்கு முன்பே, அதைச் சுற்றிக் காற்று எவ்வாறு ஓடும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப வடிவத்தைத் திருத்திக்கொள்ளும் கலை அங்கே வளர்ந்திருக்கிறது.

ஆற்று வெள்ளம் பாலத்தின் தூணில் மோதி இருபுறமும் பிரிந்து, பின்னால் சுழித்தோடுவதை யாவரும் கண்டிருப்போம். காற்றின் இயல்பும் அதுவே. நீர், காற்று இரண்டையும் சேர்த்துப் பாய்மம் என்று வழங்குவர். பாய்மங்களின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடுகளை நவியே, ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வகுத்துவிட்டனர். ஆயினும் ராக்கெட் போன்ற சிக்கலான வடிவத்துக்கு அவற்றை நேரே தீர்த்து விடை காண இயலாது. ஆகவே ஓர் உபாயம் செய்கின்றனர். ராக்கெட்டைச் சூழ்ந்த வெளியை லட்சக்கணக்கான சிறு அறைகளாகப் பகுத்து, ஒவ்வோர் அறைக்குள்ளும் புகும் காற்று எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு, அதன் வேகமும் வெப்பமும் அழுத்தமும் யாவை என்று வரவு செலவு எழுதுகின்றனர். ஓர் அறையின் செலவு அடுத்த அறையின் வரவு. கணக்கு ஒத்துவரும் வரையில் திரும்பத் திரும்பப் போடவேண்டும். ராக்கெட்டின் உடலை ஒட்டிய இடங்களில் காற்றின் நிலை சட்டென்று மாறுமாதலால், அங்கே அறைகள் மிக நுண்ணியவை. ஆங்கிலத்தார் இம்முறைக்கு இட்ட பெயரைப் 'பாவனை' என்று மொழிபெயர்க்க எனக்கு மனமில்லை. பாவனையில் சற்றுப் பொய் கலந்திருக்கும், இதில் காலணாவுக்கும் கணக்கு உண்டு.

கையால் போட்டு முடிக்க ஓர் ஆயுள் போதாது. மையத்தார் தாமே ஆக்கிய 'பாராஸ்' என்னும் கணிப்பொறி நிரல் இதற்கு உதவுகிறது. 2011 மே மாதம் அங்கே தொடங்கிவைக்கப்பெற்ற 'சாகா-220' என்னும் கணிப்பொறி, நொடிக்கு 220 லட்சம் கோடி கணக்குகள் போடவல்லதாக அமைக்கப்பட்டது.

2016 மே 23-ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து, ஆறரை மீட்டர் நீளமுள்ள சிறகு படைத்த ஊர்தி ஒன்று ராக்கெட்டின் உச்சியில் ஏறிச் சென்றது. அம்புக்கு இறகு பின்னால் இருப்பதால் அது நேரே செல்கிறது. இங்கோ சிறகு முன்னால்! காற்று சிறிது சாய்ந்து பட்டாலும் முனையைப் புரட்டிவிடப் பார்க்கும். எனவே அடியிலும் துடுப்புகள் வைத்து, மேலும் கீழும் வலிமையைச் சமன்செய்ய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உலோகத்தில் மாதிரி கடைந்து பார்ப்பதென்றால் காலமும் பணமும் என்னாவது? கணிப்பொறியிலோ சிறகின் சாய்வை மாற்றி மறுபடியும் கணக்கை ஓடவிடலாம். அவ்வூர்திக்கென இக்கணக்கு 5,000 மணி நேரமும், காற்றுச் சுரங்கச் சோதனை 120 மணி நேரமும் நடந்ததாக விண்வெளித் துறையினர் தெரிவித்தனர். ஊர்தி ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உயரம் எட்டி, ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் இறங்கிவந்தது.

இவ்வளவு கணக்கிருக்கக் காற்றுச் சுரங்கம் எதற்கு என்று கேட்கலாம். (பூமிக்கடியில் தேடவேண்டாம், மாதிரியை உள்ளே நிறுத்தி அதன்மீது காற்றைப் பாய்ச்சும் நீண்ட குழாய்தான் அது.) காற்றின் கொந்தளிப்பில் பெருஞ்சுழிக்குள் சிறுசுழி, அதற்குள் இன்னும் சிறுசுழி. அத்தனையையும் பிடிக்கும் அளவுக்கு அறைகளை நுணுக்க எந்தக் கணிப்பொறிக்கும் இயலாதாகையால், அங்கே தோராயத்தைப் புகுத்துகின்றனர். வண்ணப் படமாக வரும் விடை கண்ணைக் கவரும். தோராயம் தவறினால் படமும் தவறு. இக்காரணத்தாலேயே 2022 டிசம்பரில் அம்மையத்தில் 160 மீட்டர் நீளமுள்ள புதிய காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கு மடங்கு வரை அதில் காற்றைச் செலுத்தலாம்.

மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்தில் இந்த ஒப்புநோக்கு உயிர்ப்பிரச்சினையாகிறது. ராக்கெட் ஒலியின் வேகத்தைத் தாண்டும் தருணத்தில் பழுது நேர்ந்தால், வீரர் அமர்ந்த கூட்டை அவசர மோட்டார் பிய்த்துக்கொண்டு விலக வேண்டும். எதிர்க்காற்றும் மோட்டாரின் அனலும் கூட்டைச் சுற்றிக் கலக்கும் அச்சில நொடிகளைக் கணிப்பதே கடினம். 2023 அக்டோபர் 21-ஆம் நாள், ஒலியின் வேகத்துக்குச் சற்று மேற்பட்ட நிலையில், ஆளில்லாத கூட்டை வைத்து இதைச் சோதித்தனர். கூடு பிரிந்து, பாராசூட்டுகள் விரிந்து, வங்கக் கடலில் இறங்கியது. கடற்படையினர் அதை மீட்டுக் கரைசேர்த்தனர்.