கணக்கில் 3,000, கையில் 2,400

சிங்கப்பூரில் மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒரு குடிமகனின் கைக்கு வந்து சேர்வது 2,400 வெள்ளிதான். 55 வயதுக்கு உட்பட்ட ஊழியரின் சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேம நிதிக்குப் போய்விடுகிறது. முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு தனியே கட்டுகிறார். 1955இல் தலா 5 விழுக்காட்டில் தொடங்கிய ஏற்பாடு இது. இந்த நிதியிலிருந்து அடுக்குமாடி வீட்டுத் தவணையைக் கட்டலாம், மருத்துவச் செலவில் ஒரு பகுதியைச் சமாளிக்கலாம், முதுமையில் மாதப்பணம் பெறலாம். ஆனால் அரிசி வாங்கவோ, பிள்ளையின் பள்ளிப் பேருந்துக்குக் கொடுக்கவோ அதில் கை வைக்க முடியாது. சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டே மாதக் கடைசியில் கைமாத்துக்கு அலையும் குடும்பங்கள் உருவாவது இப்படித்தான்.

வரவுக்குள் செலவு செய் என்பார்கள். எந்த வரவுக்குள் என்பதில்தான் பலருக்குக் கணக்குத் தப்புகிறது. வங்கி கடன் வரம்பை நிர்ணயிக்கும்போது பார்ப்பது 3,000 வெள்ளியை. மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டியதோ 2,400 வெள்ளியிலிருந்து. அடமானம் இல்லாத கடன்களுக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2015இல் ஓர் உச்சவரம்பு கொண்டுவந்தது. முதலில் 24 மாத வருமானம், பிறகு 18, 2019 ஜூன் முதல் 12 மாத வருமானம் என்று அது படிப்படியாக இறுக்கப்பட்டது. எல்லா வங்கிகளிலும் சேர்த்து வட்டி ஓடும் பாக்கி, தொடர்ந்து மூன்று மாதம் அந்த அளவைத் தாண்டினால் புதுக்கடன் கிடையாது. நல்ல விதிதான். ஆனால் 3,000 வெள்ளிக்காரருக்கு 12 மாத வருமானம் என்பது 36,000 வெள்ளி. ஆண்டுக்கு 26 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அதற்கு வட்டி மட்டுமே மாதம் 780 வெள்ளி, கைக்கு வரும் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சட்டம் தடுத்து நிறுத்துவதற்கு வெகு முன்பே குடும்பம் திணறத் தொடங்கிவிடும்.

கிரெடிட் கார்டின் வட்டி ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கிறது. மாதாமாதம் முழுத்தொகையும் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டுபவரின் கதை வேறு. பாக்கி 5,000 வெள்ளி என்றும், கட்ட வேண்டிய குறைந்தபட்சம் 3 விழுக்காடு என்றும் கொள்வோம். 150 வெள்ளி கட்டினால் அதில் 108 வெள்ளியை அந்த மாத வட்டியே விழுங்கிவிடும். அசலில் குறைவது 42 வெள்ளி. பாக்கி தீர்வதற்குள் அடுத்த தீபாவளிச் செலவு வந்துவிடும்.

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையையும் பஃபலோ சாலையையும் ஒட்டி நகைக்கடைகளும் அடகுக்கடைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. அடகுக்கடை மாதத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மீட்க ஆறு மாதத் தவணை உண்டு. ஒரு வளையலை வைத்து 1,000 வெள்ளி வாங்கினால் ஆறு மாத வட்டி அதிகபட்சம் 90 வெள்ளி. அதே 1,000 வெள்ளி கார்டில் நின்றால் சுமார் 130. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் வாங்கி, ஆறு மாதமும் அசல் குறையாமல் இருந்தால் வட்டி 240, நடைமுறைக் கட்டணம் 100, ஆக 340 வரை போகலாம். தவணைக்குள் மீட்கவோ புதுப்பிக்கவோ முடியாவிட்டால் நகை மூழ்கிப்போகும், உண்மைதான். ஆனால் பாக்கி அத்துடன் முடிந்தது. யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். இருந்தும் அடகுக்கடைப் படியேறுவதை மானக்கேடாக நினைக்கும் பலர், எதிர்க்கடையில் கார்டைத் தேய்த்து நகை வாங்கக் கூச்சப்படுவதில்லை. வட்டிக் கணக்கில் பார்த்தால் கூச்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

வட்டிக்குக் கொடுப்பது சிங்கப்பூரில் தமிழர்களின் பழைய தொழில். மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவரும் தரையில் அமர்ந்து, குட்டை மேசையும் மரப்பெட்டியுமாகக் கணக்கு நடத்தினார்கள். சீன வணிகரும் மலாய் நிலக்காரரும் தமிழ்த் தொழிலாளியும் அவர்களிடம் வந்தார்கள். டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தண்டாயுதபாணி கோவில் அவர்கள் கட்டியது. நகர மறுசீரமைப்பில் கிட்டங்கிகள் இடிபட்டுப் போயின. சீட்டுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு: 1970களின் தொடக்கத்தில் ஜெமினி சீட்டு நிறுவனம் முறிந்து ஆயிரக்கணக்கானோர் பணம் இழந்தனர். சீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1971இலேயே வந்திருந்தும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இன்று உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர்களுக்கு விதிகள் கறாரானவை. 2015 அக்டோபர் முதல் மாத வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளிக்கு மேல் கூடாது. வட்டி, அபராதம், கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து வாங்கிய அசலைவிட அதிகமாகக் கூடாது. 1,000 வெள்ளி வாங்கியவர் எவ்வளவு இழுத்தடித்தாலும் கூடுதல் சுமை 1,000 வெள்ளியோடு நின்றுவிடும் என்பது இந்தக் கடைசி விதியின் பொருள். ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இவர்கள் எல்லாரிடமும் சேர்த்து 3,000 வெள்ளிக்கு மேல் வாங்க முடியாது. தன்மீதே நம்பிக்கை இல்லாதவர், தனக்குக் கடன் தரக்கூடாது என்று தானே பதிவுசெய்துகொள்ளவும் வழி உண்டு. இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை.

‘அடையாள அட்டை போதும், உடனே பணம்’ என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தால் அனுப்பியவர் உரிமம் இல்லாதவர் அல்லது மோசடிக்காரர். உரிமம் பெற்றவர்கள் குறுஞ்செய்தியிலோ தொலைபேசியிலோ சமூக ஊடகத்திலோ விளம்பரம் செய்யத் தடை இருப்பதால் இதைத் தயங்காமல் சொல்லிவிடலாம். கடன்முதலைகளிடம் சிக்கிய வீட்டின் கதவில் சாயம் ஊற்றுவதும், வாயிலைச் சங்கிலியால் பூட்டுவதும், அண்டை வீட்டுக்காரருக்கும் தொல்லை கொடுப்பதும் வழக்கம். அதைவிட ஆபத்தானது இன்னொன்று. கட்ட முடியாதவரிடம் அவருடைய வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ கேட்பார்கள். கொடுத்தால் அவர் கடன்காரர் நிலையிலிருந்து குற்றத்துக்கு உடந்தை என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறார். முதல் குற்றத்துக்கே 30,000 வெள்ளி முதல் 300,000 வெள்ளி வரை அபராதமும், நான்கு ஆண்டு வரை சிறையும், பிரம்படியும் உண்டு.

கடன் கைமீறிய பிறகும் வழிகள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்து அவை சுருங்குகின்றன. பல வங்கிகளின் பாக்கியை ஒரே வங்கிக்கு மாற்றிக் குறைந்த வட்டியில் கட்டும் திட்டம் 2017இல் வந்தது. கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் வரவு செலவை உட்கார்ந்து அலசி, கடன்காரருக்காக வங்கிகளிடம் பேசித் தவணையை மாற்றியமைக்க உதவுகிறது. முஸ்லிம் நிபுணர்கள் சங்கம் ஒரு கடன் ஆலோசனை மையம் நடத்துகிறது. இவர்களிடம் வருபவர் கடனைக் கணவனிடமோ மனைவியிடமோ மறைத்திருந்தால் வேலை கடினமாகிவிடும். வீட்டுச் செலவைக் குறைக்காமல் எந்தத் தவணைத் திட்டமும் நிற்காது. காரணம் தெரியாமல் வீட்டார் செலவைக் குறைக்கவும் மாட்டார்கள்.

பாக்கி 15,000 வெள்ளியை எட்டினால் திவாலாக்கக் கோரி நீதிமன்றம் போகலாம். 2009இல் வந்த கடன் திருப்பும் திட்டம் இங்கே ஓர் இடைத்தடுப்பு. மொத்தக் கடன் 150,000 வெள்ளிக்குள் இருந்து நிலையான வேலையும் இருந்தால், அதிகபட்சம் ஐந்து ஆண்டில் கட்டும் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டு திவாலைத் தவிர்க்கலாம். திவாலானவர் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே போக முடியாது, நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. அப்போதும் மத்திய சேம நிதியிலுள்ள பணத்தையும், குடிமகனுக்குச் சொந்தமான அரசு அடுக்குமாடி வீட்டையும் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. மாதக் கடைசியில் எட்டாமல் எரிச்சலூட்டிய அதே சேம நிதிதான் இங்கே கேடயமாகிறது.

இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் உள்ளூர்வாசிகளுக்கானவை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளியின் கடன் அவர் விமானம் ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூர் முகவர் அவரிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். ஊரில் உள்ள தரகருக்கு அந்த விதி எட்டாது. ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் சிங்கப்பூரில் உரிமம் பெற்றவர்களிடம் அவர் வாங்கக்கூடியது 500 வெள்ளி மட்டுமே. ஊர்க் கடனின் வட்டிக்கு முன் அது எந்த மூலைக்கு? ஆகவே அவருடைய ஒரே பிடிமானம் சம்பளம் நாள் தவறாமல் வருவது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் பணம் வர வேண்டும். 2016 முதல் விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். சம்பளம் தராவிட்டால் வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள்ளும் புகார் கொடுக்க வேண்டும். கஃப் சாலையில் 2008இல் டிடபிள்யூசி2 என்ற தொண்டமைப்பு இலவசச் சாப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. காயம்பட்டோ சம்பளம் நின்றோ வழக்கு முடியக் காத்திருப்பவர்களுக்கான திட்டம் அது. சாப்பிட வருபவரிடம் வழக்கு விவரமும் கேட்டுக்கொள்கிறார்கள். அவர் அங்கே வரிசையில் நிற்கும் நாள்களிலும் ஊரில் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.