ஐஸ்கிரீம் பெட்டியில் நீரா

பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையோரம் போனவர்களுக்கு அங்குள்ள தென்னந்தோப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விரியாத தென்னம்பாளையைப் பக்குவமாகத் தட்டிச் சீவினால் சொட்டுகிற இனிப்புச் சாறுதான் நீரா. அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை இருக்கும் இடத்தில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் குடியேறாமல் இருக்குமா? நாமக்கல் வெயிலில் சில மணி நேரம் விட்டால் போதும், சர்க்கரை சாராயமாக மாறத் தொடங்கிவிடும். காலையில் நீரா, பொழுது சாய்வதற்குள் கள்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உண்டு. புளிக்காத நீராவை உரிமம் பெற்று இறக்க 2017-இல் விதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே உரிமம் பெற்ற விவசாயியின் கையிலுள்ள சாறு சட்டத்துக்கு உட்பட்டதா, புறம்பானதா என்பது பெரும்பாலும் வெப்பமானியைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. பனைமரத்தில் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசிப் பதநீர் இறக்குவது நம் முன்னோர் கண்ட வழி. சுண்ணாம்புச் சுவை வேண்டாமென்றால் குளிர்ச்சிதான் துணை. சுமார் 4 டிகிரி செல்சியஸில் ஈஸ்டின் வேலை மிகவும் மந்தமாகிறது.

இதற்குக் கடைகளில் பயன்படும் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன? மேல்மூடி திறக்கிற அந்த டீப் ஃப்ரீசர் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி வரை போகக் கூடியது. ஆனால் நீரா உறைநிலைக்குக் கீழே ஒரு டிகிரியிலேயே உறையத் தொடங்கும். அப்படியே வைத்தால் மறுநாள் வெடித்த பாட்டில்களைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே 1978-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சுவதற்கு இருந்த தடையை நீக்கியது. சோடாக் கம்பெனிகள் கழித்துவிட்ட 19 லிட்டர் எவர்சில்வர் உருளைகளில் அவர்கள் பீரை நிரப்பினார்கள். அவற்றை வைக்க இதே ஃப்ரீசரைத்தான் பிடித்தார்கள். அவர்கள் செய்த மாற்றம் எளியது. பெட்டியின் ஒயரை நேராகச் சுவரில் செருகாமல், இடையில் ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை, அதாவது தெர்மோஸ்டாட்டை, வைத்தார்கள். அதன் உணர்முனை உள்ளே இருக்கும். 5 டிகிரிக்கு ஏறினால் மின்சாரம் ஓடும். 3 டிகிரிக்கு இறங்கினால் நின்றுவிடும். கம்ப்ரசருக்குத் தான் எதைக் குளிர்விக்கிறோம் என்று தெரியாது. மின்சாரம் வந்தால் ஓடும், அவ்வளவுதான்.

உணர்முனையைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். காற்று நொடியில் சூடேறி நொடியில் ஆறும். அதை நம்பினால் கம்ப்ரசர் ஓயாமல் நின்று நின்று ஓடும். நின்ற கம்ப்ரசர் மறுபடி கிளம்ப, குழாய்களில் உள்ள வாயுவின் அழுத்தம் சமமாக மூன்று, நான்கு நிமிடம் ஆக வேண்டும். அந்தத் தாமதத்தை அமைக்கும் வசதியுள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். ஒயரை உள்ளே விடப் பெட்டியின் சுவரில் மட்டும் துளை போடாதீர்கள்! பல பெட்டிகளில் வாயுக் குழாய்கள் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் தீப்பற்றும் வாயு. பீர் காய்ச்சுவோர் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தி, அதில்தான் துளை போடுகிறார்கள். ஒற்றை ஒயருக்கு மூடியின் ரப்பர் விளிம்பே இடம் கொடுக்கும்.

எல்லாம் சரி, இனி நீராவைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாற்றம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் சாறு 30 டிகிரியில் இருக்கிறது. சாற்றை ஏறக்குறைய தண்ணீராகவே கொண்டால், அதை 4 டிகிரிக்குக் கொண்டுவர 20 × 26 = 520 கிலோகலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டி மணிக்கு 90 கிலோகலோரி இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஆறு மணி நேரம்! கேனைச் சுற்றியுள்ள அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் இன்னும் நேரமாகும். அதற்குள் ஈஸ்ட் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும். பீருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஏற்கெனவே புளித்து முடிந்த பண்டம்.

வழி என்ன? பனிக்கட்டி. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோகலோரியும், உருகிய நீர் 4 டிகிரிக்கு ஏற இன்னொரு நான்கும் எடுத்துக்கொள்ளும். 520-ஐ 84-ஆல் வகுத்தால் ஆறு கிலோவுக்குச் சற்று மேல். வழியில் வீணாவதையும் சேர்த்துப் பத்துக் கிலோ வைத்துக்கொள்ளலாம். பனிக்கட்டியைச் சாற்றில் போடக் கூடாது. கேனைச் சுற்றி, தண்ணீரோடு கலந்து வைக்க வேண்டும். அதற்கும் முன்பே, மரத்திலேயே குளிர்விப்பது இன்னும் நல்லது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பாளையில் பொருத்தும் ஒரு பனிக்கட்டிப் பெட்டியையே உருவாக்கியிருக்கிறது. அதில் இறங்கும் சாற்றுக்குக் கல்பரசா என்று பெயர்.

ஆக, மாற்றியமைத்த ஐஸ்கிரீம் பெட்டி குளிர்விக்கும் இயந்திரமல்ல. குளிர்ந்ததைக் காக்கும் பெட்டி. இது புரிந்தால் மற்றவை தாமே விளங்கும். மூடியைத் திறப்பதற்கு அதிகம் பயப்பட வேண்டாம். 200 லிட்டர்ப் பெட்டியிலுள்ள காற்று முழுவதும் மாறினாலும், அதன் ஈரத்தைத் தவிர்த்துப் பார்த்தால், இழப்பு இரண்டு கிலோகலோரி அளவுதான். குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தில் தண்ணீர்போல அடியிலேயே தங்கவும் செய்யும். ஆனால் சூடான புதுச் சாற்றை நேற்றையக் கேன்களின் நடுவே இறக்கினால் அவையும் சேர்ந்து சூடேறும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்தால் மின்தடையின்போது உதவும். உள்ளே உறைபனிக்குப் பதிலாக ஈரம் தேங்கும். அடியிலுள்ள அடைப்பானைத் திறந்து நாள்தோறும் துடைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

இந்தக் குளிரிலும் ஈஸ்ட் சாவதில்லை, சோம்பியிருக்கிறது. புதிய சாறு அமிலமாக இருப்பதில்லை. நடுநிலையாகவோ, சிறிது காரமாகவோ இருக்கும். காலையில் ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ளது போன்ற பி.எச். தாளில் விட்டுப் பார்க்கலாம். தாள் அமிலப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தால் அந்தக் கேனை ஒதுக்கிவிட வேண்டியதுதான். காய்ச்சினாலும் வெல்லம் சரியாக இறுகாது.