தண்ணி விழுதா, குளிக்க விடுதாங்களா?

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியில் இருப்பவர்களுக்கு வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "மதினி, குத்தாலத்துல தண்ணி விழுதா? குளிக்க விடுதாங்களா?"

இந்தக் கேள்வியில் ஏதாவது ஒரு துறையின் பெயர் இருக்கிறதா? இல்லையே! ஆனால் அரசு இணையதளங்கள் பெரும்பாலும் துறைவாரியாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வனம் ஓரிடம், வருவாய் ஓரிடம், பேரூராட்சி ஓரிடம், காவல் ஓரிடம். அலுவலகத்துக்கு அது சௌகரியம். பிள்ளைகளுக்குத் துண்டும் மாற்றுத்துணியும் எடுத்து வைக்கிற அம்மா எந்தத் துறையில் போய்த் தேடுவாள், சொல்லுங்கள்?

அருவிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ஐந்து கிளையாக விழுந்தால் ஐந்தருவி, சிறிதாக விழுந்தால் சிற்றருவி, பழத்தோட்டத்துப் பக்கம் என்றால் பழத்தோட்ட அருவி. கேட்டவுடன் இடம் மனசில் வந்து நிற்கிறதல்லவா?

சௌகரியம் மட்டும் அல்ல இது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மேலே காட்டில் மழை கொட்டினால், கீழே மழையே இல்லாதபோதும் வெள்ளம் வந்துவிடும். தடை அறிவிப்பு நாலு பக்கம் தாண்டி ஒளிந்திருந்தால் யாருக்குப் பிரயோஜனம்? 'இன்று எந்த அருவியில் குளிக்கலாம்' என்பது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நூலகங்களில் இந்த ஞானம் நமக்குப் பழசு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது.

இணையதளம் அமைப்பவர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தகவலையும் ஒரு சீட்டில் எழுதி, வெளியாட்கள் சிலரிடம் கொடுத்து, சேர வேண்டியவற்றைச் சேர்த்து அடுக்கச் சொல்வார்கள். அடுக்குக்குப் பெயரும் அவர்களே வைக்க வேண்டும். உங்கள் வீட்டு பீரோவிலேயே செய்து பாருங்களேன்! ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், ஆதார், காப்பீட்டு அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டு என்று எழுதி, மாமியாரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே கொடுங்கள். 'அரசாங்கக் காகிதம்' என்று நீங்கள் கட்டி வைத்ததிலிருந்து இரண்டை உருவி, 'ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறது' என்று மாமியார் தனியே வைப்பார். நடுராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் மாமியாரின் அடுக்குதான் கைகொடுக்கும்!

அந்த உறையின் மேல் 108 என்று பெரிதாக எழுதிவிடுங்கள். குற்றாலத்துக்குக் கிளம்பும் பையில் 1077; அது மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண்.