உங்களுக்குத் தெரியுமா? யானை மேயும் புல்லுக்கு முதல் வேலை நாயுண்ணியின் வேரில்
மருதனார்மடத்துச் செம்மண் தோட்டங்களில் கோரையைக் கிழங்கோடு கிண்டி எடுக்காவிடின் அது மீண்டும் முளைப்பது போலவே, காட்டு விலங்குகளுக்கு மேய்ச்சல் நிலம் திருத்துவோரும் நாயுண்ணியின் வேரோடுதான் போராட வேண்டியுள்ளது. 1826இல் அழகுச் செடியாகப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் வழியே இலங்கைக்கு வந்த இச்செடி, 1972இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட உடவளவையில் புல்வெளிகளை மூடி, யானைகளின் தீவனத்தைக் குறைத்துள்ளது. மேலே வெட்டினால் அடித்தண்டு தளிர்க்கும்; நிலத்தை உழுதாலோ புதைந்த விதைகள் முளைத்தெழும். ஆகவே தண்டும் வேரும் சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை, அதாவது நேராகக் கீழிறங்கும் முதன்மை வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட்டு, மழைக்கு முன் உள்நாட்டுப் புல்விதை தூவுவதே தக்க முறையாகும். பறவைகளின் எச்சத்தால் விதை மீண்டும் பரவுவதால், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நாற்றுகளைக் களையாவிடின் செய்த செலவு வீணே.