வேர் சிகிச்சை செய்த பல்லின் ஆயுள்

ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சையில் பல்லின் நோயுற்ற கூழ் அகற்றப்பட்டு, வேர்க்குழல் கட்டாபெர்ச்சாவால் அடைக்கப்படுகிறது. வலி நின்றாலும் சிகிச்சை அத்துடன் முடிவதில்லை. தற்காலிக அடைப்பு சில வாரங்களே தாங்கும். அது கசிந்தால் எச்சிலுடன் நுண்ணுயிர்கள் மீண்டும் வேரை அடையும். சொத்தையால் மெலிந்த கடைவாய்ப்பல் மெல்லும் விசையில் பிளக்கக்கூடும். எனவே அதற்கு நிரந்தர அடைப்பும் மேலுறையும் தேவை. சேதம் குறைந்த முன்பல்லுக்குப் பெரும்பாலும் அடைப்பே போதும்.

2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இச்சிகிச்சை பெற்ற 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட பற்களில் 97 விழுக்காடு 8 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்திருந்தன. பிடுங்கப்பட்டவற்றில் 85 விழுக்காட்டுக்கு முழு உறை இல்லை.

பேசின் பிரிட்ஜ் உள்ளிட்ட வடசென்னைப் பகுதியினருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளுள் ஒன்று, 1953இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது.